பாடம் வீடு மாறும்போது எண்ணிப் பார்க்க வேண்டியவை



செல்போனில் நாம் படிக்கிற பயிற்சிப் பாடங்களை ஒரு இணையதளத்திலிருந்து இன்னொரு இணையதளத்துக்கு மாற்றுவது எப்படி என்பதுதான் இந்த இதழின் பாடம். "இது கம்ப்யூட்டர் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். நம் கூட்டமைப்பில் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. அதில் சிலதைக் காப்பாற்றினோம், சிலதைத் தொலைத்தோம். தொலைத்தது எது என்று தெரிந்தால், இது யாருடைய சமாச்சாரம் என்று உங்களுக்கே புரியும்.

நடந்தது என்ன?

காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி வேலை தெரியாத வீடு குறைவு. கொட்டை உடைப்பது, பருப்பைக் காய வைப்பது, தோல் உரிப்பது, ரகம் பிரிப்பது என்று ஏதாவது ஒரு வேலையில் நம் கை இருக்கும். ஆனால் கூலிக்குச் செய்கிற வேலையை நாமே தொழிலாக எடுத்துச் செய்ய வேண்டுமானால் ரகம், விலை, கணக்கு, பாக்கெட் போடுவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஒரு பயிற்சி நிறுவனத்தின் உதவியோடு 12 பாடங்களைத் தயார் செய்து ஒரு இலவச இணையதளத்தில் வைத்திருந்தோம்.

உதாரணத்துக்கு ரகம் பிரிக்கும் பாடத்தைச் சொல்கிறோம். "டபிள்யூ 320" என்று வியாபாரிகள் சொல்வது நம் காதில் விழுந்து கொண்டேதான் இருக்கிறது. ஒரு பவுண்டு எடையில், அதாவது சுமார் 454 கிராமில், 300 முதல் 320 முழுப் பருப்பு நின்றால் அது 320 ரகம். 220 முதல் 240 வரை நின்றால் 240 ரகம். எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் கூடுதல். இருபது வருஷம் ரகம் பிரித்த அக்காமார்கள்கூட, "எண்ணுக்கு இதுதான் அர்த்தமா!" என்று கேட்டார்கள். பாடம் அந்த அளவுக்குப் பயன்பட்டது.

ஒருநாள் அந்தத் தளத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. "இந்தச் சேவை நிறுத்தப்படுகிறது. 30 நாட்களுக்குள் உங்கள் பாடங்களை எடுத்துக்கொள்ளவும்." நாங்களும் அவசர அவசரமாக எடுத்து வேறொரு தளத்தில் ஏற்றினோம். 12 பாடமும் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்.

ஒரு வாரத்தில் பிரச்சினைகள் தெரிந்தன. நாலாம் பாடத்தில் தமிழ் எழுத்துக்குப் பதில் ஏதோ கிறுக்கல் வந்தது. ஏழாம் பாடத்து வீடியோ ஓடவில்லை. இதைவிடப் பெரிசு ஒன்று நடந்தது. 12 பாடத்தையும் முடித்துத் தேர்வும் எழுதிய ஒரு அக்கா, புதுத் தளத்தைத் திறந்தால் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம் சதவீதம் என்று காட்டியது.

"பகலெல்லாம் கொட்டை உடைச்சுட்டு, ராத்திரி மக போன்ல உக்காந்து படிச்சேன் கண்ணு. இப்போ நான் படிக்கவே இல்லைன்னு சொல்லுதே" என்றார். தொழில் கடன் விண்ணப்பத்தோடு சான்றிதழ் நகலை வைக்கலாம் என்று அவர் இருந்தார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

தளம் என்பது வீடு, பாடம் என்பது சாமான்

மாதாந்திரக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார்: "வாடகை வீடு மாத்தும்போது சாமானை எண்ணாம ஏத்துவாங்களா?" அந்தக் கேள்வியே இந்தப் பாடத்தின் சாரம்.

இலவசத் தளம் என்பது வாடகை இல்லாமல் கிடைத்த வீடு மாதிரி. குடியிருக்கலாம், ஆனால் வீடு நம்முடையது அல்ல. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். உலகம் முழுக்க ஆசிரியர்கள் பயன்படுத்தி வந்த எட்மோடோ என்ற வகுப்புத் தளம் 2022 செப்டம்பர் 22ஆம் தேதி மூடப்பட்டது. டிக்டாக் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 2020 ஜூன் 29ஆம் தேதி இந்திய அரசு அதற்குத் தடை போட்டது. அதில் சமையலும் தையலும் காட்டி வீடியோ போட்டிருந்த பெண்கள் எத்தனையோ பேர். மூலப் பிரதியைத் தங்கள் போனில் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். வைக்காதவர்களுக்கு உழைப்பு வீணானது.

அரசாங்கத் தளங்களும் வீடு மாறுகின்றன. மத்திய அரசின் 'ஸ்வயம்' என்ற இணையவழிப் படிப்புத் தளம் 2017 ஜூலை 9ஆம் தேதி தொடங்கப்பட்டது. முதலில் அதை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உதவியோடு கட்டினார்கள். பிறகு சென்னை ஐ.ஐ.டி. பொறுப்பெடுத்து, கூகுள் நிறுவனத்தின் உதவியோடு வேறு விதமாகக் கட்டியது. ஆகவே மாற்றம் வருவது அதிசயமல்ல. மாறும்போது எதை எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு மாதிரி

பாடம் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஐந்து சாமான் இருக்கிறது.

1. படம், ஒலி, வீடியோ: இவை தனித்தனிக் கோப்புகள். இறக்கி ஏற்றினால் வந்துவிடும். ஆனால் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில வீடியோக்கள் பாடத்துக்குள் இருக்காது. யூடியூப் மாதிரி வேறு இடத்தில் இருக்கும், பாடத்தில் அதன் முகவரி மட்டும்தான் ஒட்டியிருக்கும். நாம் எடுத்து வருவது முகவரிச் சீட்டு மட்டுமே. அங்கே அந்த வீடியோவை நீக்கிவிட்டால் இங்கே ஓடாது. எங்கள் ஏழாம் பாடத்தில் நடந்தது இதுதான்.

2. எழுத்து: பழைய பாடங்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். யூனிகோடு என்ற பொது முறையில் அடித்திருந்தால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தன் தர முறையாக ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒரு வரி விடாமல் படித்துப் பார்க்க வேண்டும். நம் நாலாம் பாடத்தை இப்படித்தான் மீட்டோம்.

3. கேள்வி பதில் தேர்வு: கேள்விகளை எழுதி வைக்கும் முறை தளத்துக்குத் தளம் மாறும். பல நேரம் தேர்வை மறுபடி கையால் அடிக்க வேண்டி வரும். அடிக்கும்போது எது சரியான விடை என்ற குறியையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். விடை மாறிப் பதிவானால் சரியாக எழுதியவர் தோற்றுப் போவார்.

4. படித்தவர் கணக்கு: யார் சேர்ந்தார், எத்தனை பாடம் முடித்தார், எத்தனை மதிப்பெண், சான்றிதழ் உண்டா என்ற கணக்கு இது. பெரும்பாலும் தானாக வராது. கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு வகுப்பைப் பிரதி எடுத்தால் பாடங்களும் கொடுத்த வேலைகளும் வரும், மாணவர்கள் பெயரும் பழைய அறிவிப்புகளும் வராது. மூடுல் என்ற இலவச மென்பொருளில், 2002 முதல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பது அது, முழுப் பாடத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி இன்னொரு மூடுல் தளத்தில் அவிழ்க்கலாம். படித்தவர் கணக்கையும் அந்த மூட்டையில் சேர்க்க முடியும். ஆனால் தளத்தை நிர்வகிப்பவர் அதற்கு அனுமதி தந்து, கட்டும்போதே சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை என்றால் பாடம் மட்டும்தான் வரும்.

5. உறுப்பினர்கள் எழுதியது: பாடத்துக்குக் கீழே நாம் கேட்ட சந்தேகம், நாம் சொன்ன யோசனை. இதையும் பெரும்பாலும் தளம் கொண்டு வராது.

கடைசியாகச் சொன்ன இரண்டையும் கவனியுங்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் செய்த படமும் வீடியோவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நாம் படித்ததும் நாம் எழுதியதும்தான் தொலைந்தன. முந்திரி ஓட்டு எண்ணெய் கையைப் பொத்து விடும் என்று நமக்குத் தெரியும். ஆறாம் பாடம் கையுறை போடச் சொன்னது. அதன் கீழே நம் உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தை வரிசையாக எழுதியிருந்தார்கள். கையுறை போட்டால் வேகம் குறைகிறது என்று ஒருவர். உடைக்கும் முன் விளக்கெண்ணெய் தடவுவதாக இன்னொருவர். கைப்பிள்ளைக்காரி வேலை முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் கேட்க, நாலு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் அது. ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

மற்ற ஊர்களில் எப்படிச் செய்தார்கள்?

பாடத்தை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றும்போது, கேட்பவருக்கு ஏற்ற மாதிரி வடிவத்தையும் மாற்ற வேண்டும். இதற்கு நமக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களை நடத்தியது. வில்லியனூர் அதற்கு நடுமையம். வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவை அலையின் உயரம் பற்றிய தகவல். அது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் ஆங்கிலத்திலும் படத்திலும் இருந்தது. மையத்தில் இருந்தவர்கள் அதை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார்கள். இணையத்தில் கிடந்த தகவல் கடற்கரையில் நிற்கிறவர் காதுக்கு வந்தது.

தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்ற அமைப்பைச் சேர்ந்த நம்மைப் போன்ற குழுப் பெண்கள், காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற நிறுவனத்தின் வாழ்நாள் கல்வித் திட்டத்தில் சேர்ந்து ஆடு வளர்ப்புப் பாடம் படித்தார்கள். ஆடு வாங்க வங்கியில் கடன் எடுத்தபோது ஒரு செல்போனுக்கும் சேர்த்தே எடுத்தார்கள். கால்நடை நிபுணர்களின் பாடம் குட்டிக் குட்டிக் குரல் செய்தியாக அந்தப் போனுக்கு வந்தது. மேய்ச்சலில் இருந்தபடியே கேட்டார்கள். பத்துப் பக்கப் பாடத்தை அப்படியே வாசித்துப் பதிவு செய்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு செய்திக்கு ஒரு விஷயம் என்று பிரித்ததால் பாடம் மனதில் தங்கியது.

இன்னொன்று நம் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2018இல் வந்த புதிய தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் கட்டம் கட்டமாக கியூ.ஆர். குறி அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை 'தீக்‌ஷா' செயலியில் காட்டினால் பாட வீடியோ திறக்கும். அந்தக் குறிக்குள் வீடியோ இல்லை, ஒரு அடையாள எண்தான் இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் இருக்கிற வீடியோவை மாற்றினாலும் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கத் தேவையில்லை. நாமும் அறிவிப்புப் பலகையில் பாடத்தின் முகவரியை ஒட்டும்போது இதை நினைவில் வைக்கலாம். தளத்தின் நேரடி முகவரியை எல்லா ஊரிலும் எழுதி ஒட்டிவிட்டால், மாறும்போது எல்லா ஊரிலும் கிழித்து ஒட்ட வேண்டும். கூட்டமைப்புக்கு என்று ஒரே ஒரு முகவரி வைத்து, அங்கிருந்து பாடத்துக்கு வழி காட்டினால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.

பூட்டிய அறையின் கதை

நம் மாவட்டத்துக் கதை ஒன்று. தேவாரப் பாடல்களைத் தேடிய ராஜராஜ சோழன், காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூரில் இருந்த நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சிதம்பரம் கோயிலுக்கு வந்ததாகச் சொல்வார்கள். ஏடுகள் ஒரு அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. திறந்து பார்த்தால் மேலே கரையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து, மிஞ்சியதை மட்டும் எடுத்தார்கள். போனது போனதுதான் என்பது அந்தக் கதை.

ஓலைச்சுவடிக்கு ஆயுள் உண்டு. அதனால்தான் அந்தக் காலத்தில் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். எழுதாமல் பூட்டி வைத்தது கரையானுக்குப் போனது. நம் காலத்திலும் பார்த்தோம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2015இல் வெள்ளம் வந்தது. ஓட்டு வீட்டுப் பெட்டியில் ஒரே இடத்தில் வைத்த நோட்டு நனைந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே தளத்தில் மட்டும் இருக்கிற பாடமும் அப்படித்தான்.

மாற்றும்போது செய்ய வேண்டியவை

* முதலில் பட்டியல் போடுங்கள். எத்தனை பாடம், ஒவ்வொன்றிலும் எத்தனை படம், எத்தனை வீடியோ, எத்தனை கேள்வி என்று நோட்டில் எழுதுங்கள். மாற்றிய பிறகு அதே நோட்டை வைத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.

* மூலப் பிரதியை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று கூட்டமைப்பு அலுவலகத்தில் பென் டிரைவில். இன்னொன்று வேறு ஊரில் ஒரு நிர்வாகியிடமோ, கூட்டமைப்பின் பெயரில் உள்ள இணையச் சேமிப்பிலோ. கணக்கு ஒருவருடைய சொந்தப் போன் எண்ணில் இருக்க வேண்டாம். அவர் ஊரை விட்டுப் போனால் சாவியும் போய்விடும்.

* படித்தவர் கணக்கைத் தாளில் எடுங்கள். பெயர், குழு, முடித்த தேதி, மதிப்பெண் நான்கையும் மாதம் ஒருமுறை பதிவேட்டில் எழுதி, நிர்வாகிகள் கையெழுத்துப் போடுங்கள். சேமிப்புக்கும் கடனுக்கும் போடுகிற மாதிரியே இதற்கும் போட வேண்டும்.

* உறுப்பினர்கள் எழுதிய நல்ல யோசனைகளை அவ்வப்போது எடுத்து, பாடத்தின் பகுதியாகவே சேர்த்துவிடுங்கள். எழுதியவர் சம்மதித்தால் பெயரோடு போடுங்கள்.

* எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு பாடத்தை மட்டும் ஏற்றி, சாதாரண போன் வைத்திருக்கிற ஒரு உறுப்பினரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிவது சின்னப் போனில் தெரியாமல் போகலாம். வீடியோ பெரிசாக இருந்தால் நெட் தீர்ந்துவிடும்.

* முடிந்தால் பழைய தளத்தையும் புதுத் தளத்தையும் சில வாரம் சேர்த்தே வைத்திருங்கள். எல்லாம் சரி என்று தீர்மானம் போட்ட பிறகே பழையதை மூடுங்கள்.

* புதுத் தளத்தில் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பாடத்தை மொத்தமாக வெளியே எடுக்க வழி உண்டா? படித்தவர் கணக்கையும் எடுக்கலாமா? ஸ்கார்ம் போன்ற பொது முறையில் பாடத்தைக் கட்டித் தருமா? பொது முறை என்றால், எல்லாக் கம்பெனிப் போனுக்கும் ஒரே சார்ஜர் பொருந்துகிற மாதிரி. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத தளத்தில் குடியேறாதீர்கள்.

செய்யக் கூடாதவை

"பாடத்தை மாத்துறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யார் போன் செய்தாலும் சொல்லாதீர்கள். பாடத்தை மாற்ற உங்கள் வங்கி விவரமோ ஆதார் எண்ணோ தேவையில்லை. மற்றவர் செய்த பாடத்தை அனுமதி கேட்காமல் நம் தளத்தில் ஏற்றாதீர்கள்.

அந்த அக்காவுக்கு என்ன ஆனது?

முதல் இரண்டு அணியில் படித்தவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் எங்கள் பயிற்றுநர் கையில் இருந்த நோட்டில் இருந்தன. அதை வைத்து அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டோம். மூன்றாம் அணிக்கு, "எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல இருக்குதே" என்று நோட்டுப் போடவில்லை. அந்த அக்கா மூன்றாம் அணி. தேர்வை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. எழுதினார், நன்றாகவே தேறினார். ஆனால் கடன் விண்ணப்பம் ஒரு மாதம் தள்ளிப் போனது. அந்த ஒரு மாதத் தாமதத்துக்குத் தளத்தைக் குறை சொல்லி என்ன பயன்? எண்ணாமல் ஏற்றியது நாங்கள். கூட்டத்தில் அவரிடம் வருத்தம் தெரிவித்துத் தீர்மான நோட்டிலும் எழுதினோம்.

ஆறாம் பாடத்தின் கீழே இருந்த யோசனைகளை மறுபடி சேகரித்து வருகிறோம். நினைவிருப்பவர்கள் சொல்கிறார்கள், எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். நீங்கள் அன்று எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எழுத முடியாவிட்டால் வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவில் யார் யார் என்ன பயிற்சி முடித்தார்கள் என்ற பதிவு நம்மிடம் தாளில் இருக்கிறதா?

2. நம் பாடங்கள் இருக்கும் தளம் நாளைக்கே மூடினால், மூலப் பிரதி யாரிடம் இருக்கிறது?

3. நம் வேலையில் நாமே கண்டுபிடித்த ஒரு வழி, எந்தப் பாடத்திலும் இல்லாதது, எது? அதை யார் எழுதி வைப்பது?

மூன்றாம் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றைப் பாடமாகவே வெளியிடுகிறோம்.